மனிசருக்கே வழியில்லை, பூனைக்கோ?

"மனிசருக்கே வழியில்லை, இதுக்குள்ளை பூனைக்கு வைத்தியமோ?"

நம்மவர் கூடுகிற இடங்களில், அது பிறந்தநாள் விழாவாக இருக்கலாம், அந்தியேட்டியாக இருக்கலாம், சங்கத்தின் பொங்கல் விழாவாகவும் இருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டில் பூனை வளர்கிறது என்று தெரியவந்ததும் எழுகிற முதற் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் ஆண். பெரும்பாலும் இரண்டாவது கிளாஸைக் கையில் வைத்திருப்பவர். கேட்டுவிட்டு அவர் பதிலுக்கு நிற்பதில்லை. சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பே பதிலாகிவிடும். பூனை வளர்ப்பவர் பெண்ணாக இருந்து, அவர் தனியாகவும் வாழ்பவரானால் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளும்.

இக்கேள்வியை வெறும் மூடத்தனம் என்று நான் தள்ளிவிடப் போவதில்லை. அதற்குள் ஒரு நியாயமான கோபம் உண்டு. நியூ ஜேர்சி மாநிலத்தில் எலிசபெத் என்ற ஊரில் ஒரு தடுப்புமுகாம் இருக்கிறது. பண்டகசாலைக் கட்டடம் ஒன்றை மாற்றி 1994 இல் திறந்தார்கள். விமானநிலையத்தில் இறங்கி "எனக்குத் தஞ்சம் வேண்டும்" என்று சொன்னவர்களை அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். 1995 ஜூனில் உள்ளே இருந்தவர்கள் பொறுக்கமுடியாமல் கலகம் செய்தார்கள். மூடினார்கள். 1997 இல் வேறொரு கம்பனியின் கையில் திரும்பவும் திறந்தார்கள். மாதக்கணக்கில் வெயில் காணாமல் அங்கே கிடந்த அகதிகளில் எம்மவரும் உண்டு. அதே நியூ ஜேர்சியில் தெருவில் அகப்பட்ட ஒரு பூனையைக் காப்பகத்தில் கொடுத்தால், உரியவர் தேடி வரக்கூடும் என்று ஏழு நாட்கள் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அதன் படம் எடுப்பார்கள், ஒரு பெயரும் வைப்பார்கள். எலிசபெத்தில் கிடந்தவனுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். இதைப் பார்த்தவனுக்கு வயிறு எரியாதா? எரியும். எரியவும் வேண்டும்.

ஆனால் அந்த எரிச்சல் யார்மேல் பாய்கிறது என்பதே என் கேள்வி. பூனை எவருடைய தஞ்சக் கோரிக்கையையும் நிராகரிக்கவில்லை. பூனைக்குக் கொடுத்த ஏழு நாளைப் பிடுங்கிவிட்டால் எலிசபெத்தில் ஒரு கதவாவது திறக்குமா? பூனைக்கு மருந்து போட்டவன்தான் மனிதனைக் கூட்டில் அடைத்தான் என்று நம்மவர் எந்த ஆதாரத்தில் பேசுகிறார்கள்? அமெரிக்க வரலாற்றை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாலே கதை மறுபக்கமாக ஓடுவது தெரியும்.

1874 இல் நியூயோர்க்கில் மேரி எலன் என்ற பத்து வயதுச் சிறுமியை வளர்ப்புத்தாய் அடித்து வதைத்துக்கொண்டிருந்தாள். அயலார் கேள்விப்பட்டார்கள், தர்மகாரியம் செய்கிற பெண்ணொருத்தி அலைந்து திரிந்தாள், தலையிட எவரும் முன்வரவில்லை. கடைசியில் அவள் போய் நின்றது ஹென்றி பேர்க் என்பவரிடம். 1866 இல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தெருவில் குதிரையை அடிக்கிறவனை மறித்துச் சண்டைபிடிக்கிற மனிதர் என்று ஊரெல்லாம் கேலி செய்த ஆள். அவரும் அவருடைய வழக்கறிஞரும் நீதிமன்றம் போய்ப் பிள்ளையை மீட்டார்கள். சிறுவர் வதைத் தடுப்புக்கென்று நியூயோர்க்கில் ஒரு சங்கம் உண்டானது அந்த வழக்கிலிருந்துதான். குதிரைக்கு இரங்கியவன் வந்த பாதையில்தான் குழந்தைக்கான சட்டம் வந்தது.

இன்னும் கிட்டத்து உதாரணம் ஒன்று. கலிபோர்னியாவில் காப்பகத்துக்கு வரும் தெருமிருகங்களை 72 மணித்தியாலம் கழிந்ததும் கொன்றுவிடலாம் என்று இருந்தது. 1998 இல் அதை நான்கு முதல் ஆறு வேலைநாட்களாக நீட்டி ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த மாநில செனட்டர் ரொம் ஹெய்டன். பெயர் நினைவிருக்கிறதா? வியட்நாம் யுத்தத்தை எதிர்த்ததற்காக 1968 சிக்காகோ ஆர்ப்பாட்ட வழக்கில் குற்றவாளிக்கூண்டில் நின்றவர்களில் ஒருவர். வியட்நாமியக் குழந்தைகள்மேல் குண்டு போடாதே என்று கத்திய அதே வாய்தான் முப்பது வருடம் கழித்து பூனைக்கும் நாலு நாள் கொடு என்று கேட்டது. இரக்கம் என்பது பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கும் சீனி அல்ல, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோக.

சரி, வெள்ளைக்காரனை விடுவோம். நமக்கும் பூனைக்கும் இருந்த உறவு என்ன?

நம்முடைய பழைய புலவர்களுக்குப் பூனை அந்நியமல்ல. தொல்காப்பிய மரபியல் எந்த உயிரின் குஞ்சை எப்படி அழைப்பது என்று வகுக்கும்போது கீரி, எலி, அணிலோடு வெருகையும் சேர்த்துக் 'குட்டி' என்கிறது. கம்பன் இராமகதையைப் பாடப் புகுந்த தன் ஆசையைப் பாற்கடலை முழுதும் நக்கிக் குடிக்கக் கரையில் போய் நின்ற பூனையின் ஆசை என்றான். தமிழின் ஆகப் பெரிய கவி தன்னைப் பூனை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை. மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் பல்லவச் சிற்பி ஒரு பூனையைப் பின்னங்கால்களில் நிறுத்தித் தவம் செய்ய வைத்து, காலடியில் எலிகளையும் செதுக்கினான். அது பொய்த் தவசியைக் கேலி செய்வது என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பூனையைச் செதுக்கியவன் பூனையை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவன்.

புத்தகத்தில் இப்படி. வீட்டிலோ? பூனை குறுக்கே போனால் பயணம் நின்றது. பூனைமயிர் வயிற்றுக்குள் போனால் முட்டு வருத்தம் என்றார்கள். ஆனால் நெல் வைத்த அறையில் எலி இருக்கும்வரை பூனைக்கும் இடம் இருந்தது. பெட்டைப்பூனை குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்து குசினிக்குள் வரத் தொடங்கியதும் வீட்டுப் பெரியவர் உரப்பையைத் தேடுவார். பூனையைக் கொல்வது பெரும் பாவம். ஆகவே கொல்வதில்லை, கொண்டுபோய் விடுவது. குட்டிகளைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, வழி தெரியாமலிருக்கப் பையை இரண்டு மூன்று தரம் சுழற்றி, சைக்கிள் கரியரில் வைத்து, மீன்சந்தையடியிலோ கோயில் வீதியிலோ அவிழ்த்துக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவது. பாவமும் சேரவில்லை, குட்டியும் போய்விட்டது. பிறகு அது செத்தால் அதன் விதி.

பையைச் சுழற்றுவதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். திரும்பி வரும் வழியை மறக்கச் செய்வதற்காக ஒரு உயிரை இருட்டில் வைத்துச் சுழற்றுவது. இது என்ன காரியம் என்று அகதிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பூனையை அசுத்தமென்று எண்ணாத ஒரு சமூகமும் நம் நடுவே இருந்தது. இஸ்லாமிய மரபில் பூனை வாய் வைத்த தண்ணீர் தீட்டல்ல, அதில் ஒழுச் செய்யலாம். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு வீடுகளில் பூனை விறாந்தையில் உரிமையோடு படுத்திருக்கும். 1990 ஒக்ரோபரில் அந்த மனிதர்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வெளியேற்றியவர்களும் தமிழர்தான், வெளியேற்றப்பட்டவர்களின் தாய்மொழியும் தமிழ்தான். வீடுகள் நின்றன. மிருகங்கள் நின்றன. ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நான்கைந்து லட்சம் சனம். மாடு கன்றை அவிழ்த்துவிட்டவர்கள் உண்டு. நாய்கள் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தன. பூனை வராது. பூனை வீட்டோடு நிற்கிற சாதி. அன்று நடந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. கையில் பிள்ளையும் தலையில் பெட்டியுமாகப் போனவர் பூனையைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. ஆனால் அந்த வீட்டுப் பூனைகளைப்பற்றி முப்பது வருடமாக ஒரு வரி எழுதாத நாம், 'இழந்தவை' என்று பட்டியல் போடும்போது கிணற்றையும் மாமரத்தையும் மறப்பதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாமரம் நம்மைப் பார்த்துக் கத்தியிராது.

அமெரிக்கர் இதே கேள்விக்கு வேறொரு பதில் கண்டார்கள், அதுவும் பெரும் சாவுக்குப் பிறகுதான். 2005 இல் கற்றீனா புயலில் நியூ ஓர்லியன்ஸ் மூழ்கியபோது நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வீட்டில் நின்றுவிட்ட சனம் ஏராளம். மீட்க வந்த படகிலும் பஸ்ஸிலும் மிருகத்துக்கு இடமில்லை. அடுத்த வருடமே, 2006 இல், அவசரகால இடப்பெயர்வுத் திட்டத்தில் வீட்டு மிருகங்களுக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2017 இல் ஹார்வி புயலில் ஹூஸ்ரன் நகர மாநாட்டு மண்டபத்துக்குள் சனம் நாயும் பூனையுமாக நனைந்து வந்து சேர்ந்தது. மனிசருக்கே வழியில்லை என்பவருக்கு இது விளங்கவேண்டும்: பூனைக்கு வழி வைத்ததால்தான் அந்த மனிசரும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டார்கள்.

இனி எடிசனுக்குக் கிட்ட நடந்த ஒரு விடயம். பெயர் வேண்டாம். மகன் கம்பியூட்டர் வேலை, மருமகளும் வேலை. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து தாயைக் கூப்பிட்டார்கள். எழுபதைத் தாண்டிய மனுசி. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை அந்த வீட்டில் அவ ஒருத்திதான். கார் ஓடத் தெரியாது. நடந்து போகக் கடை இல்லை. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. தொலைக்காட்சியில் சென்னைச் சீரியல். பனிக்காலத்தில் கராஜுக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டைப்பூனை ஒதுங்கியது. மனுசி சோற்றில் ரின்மீன் பிசைந்து வைத்தா. பூனை சோற்றை விட்டுவிட்டு மீனைத் தின்றது. "வந்திட்டாவோ மகாராணி" என்று அவ அதோடு கதைக்கத் தொடங்கினா. அளவெட்டித் தமிழில் முழுநாளும் கதை. அதற்கு மறுமொழியும் கிடைத்தது.

மகனுக்குப் பிடிக்கவில்லை. வருத்தம் வரும், கம்பளத்தில் மூத்திரம் பெய்யும், அயலவர் முறைப்பாடு செய்வார்கள், விசருக்கு யார் வைத்தியம் பார்க்கிறது என்றான். ஒரு சனிக்கிழமை பூனையை அட்டைப்பெட்டிக்குள் போட்டு, ஒட்டுநாடா சுற்றி, இருபது மைல் காரோடிக் கடைத்தொகுதி ஒன்றின் பின்பக்கத்தில் திறந்து விட்டுவிட்டு வந்தான். உரப்பைக்குப் பதிலாக அட்டைப்பெட்டி, சைக்கிளுக்குப் பதிலாக ரொயோட்டா. வீட்டு மிருகத்தை இப்படிக் கைவிடுவது நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் தண்டனைக்குரிய குற்றம் என்பது அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் யார் பிடிக்கப் போகிறார்கள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தா என்று மருமகள் சொன்னாள். இப்போது அதே மகன் சங்கக் கூட்டத்தில் எழும்பி 'முதியோரின் தனிமை' பற்றிப் பேசுகிறான். கைதட்டலும் விழுகிறது.

அவன் சொன்ன வருத்தக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒவ்வாமை உண்மை. ஆனால் அதற்குக் காரணம் மயிர் அல்ல, பூனையின் உமிழ்நீரிலும் தோற்சுரப்பியிலும் உள்ள ஒரு புரதம். கர்ப்பிணிக்குப் பூனை ஆகாது என்பதும் பாதிதான். அந்தக் கிருமி பூனையின் மலத்தில் வெளியேறினாலும் தொற்றுந்தன்மை பெற ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை செல்லும். மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர், அதாவது கணவர், துப்புரவாக்கினால் போதும். சரியாக வேகாத இறைச்சியிலும் அதே கிருமி உண்டு. அதற்காக யாரும் கொத்துரொட்டியைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. விசர்நோய் விளையாட்டல்ல, அமெரிக்காவில் வீட்டு மிருகங்களில் விசர் அதிகம் காணப்படுவது பூனையில்தான். அதற்கு ஊசி இருக்கிறது.

நான் இருப்பது சான் ஹோசேயில். இங்கே என் வீட்டில் இருக்கிற கடுவனும் தெருவிலிருந்து வந்ததுதான். எனக்கு அதுவரை பூனைமேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஜனவரி மழையில் கார்த் தரிப்பிடத்தில் கிடந்தது. தீன் வைத்தேன். கையெட்டும் தூரத்துக்கு வர நாலு மாதம் எடுத்தது. பூனைப்பிரியம் என்பது நாய்ப்பிரியம்போல ஓடிவந்து மேலே பாய்வதல்ல. அது உங்களைக் காத்திருக்க வைக்கும். ஒருநாள் என்னைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்தது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று நாம் தலைமுறை தலைமுறையாக நக்கலடித்து வந்திருக்கிறோமே, அந்தக் கண்மூடல்தான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்று மனிதர் மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் அவ்வாறே செய்கிறது, அப்படிச் செய்தவரிடம் கிட்டப் போகவும் கூடுதலாக விரும்புகிறது என்கிறது. எதிரி முன்னால் எந்த உயிரும் கண்ணை மூடாது. பழமொழி சொன்ன நம் பாட்டன் பூனையைத் திருட்டுப்பாலோடு மட்டுமே கண்டிருக்கிறான், பாவம்.

சான் ஹோசேயைப் பற்றிச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நம்மவர் நிறைந்த இந்நகரத்தின் காப்பகத்தில் 2009 இல் உள்ளே வந்த பூனைகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கொல்லப்பட்டன. 2010 மார்ச்சில் ஒரு புது முறையைத் தொடங்கினார்கள். மனிதரோடு பழகாத, ஆனால் சுகதேகியான தெருப்பூனையைக் கொல்லாமல், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது. கவனியுங்கள், பிடித்த இடத்திலேயே. பையைச் சுழற்றுவதில்லை. 2014 ஜூன்வரை 10,080 பூனைகள் இப்படித் திரும்பிப் போயின. காப்பகத்துக்கு வரும் பூனை, குட்டிகளின் தொகை நூற்றுக்கு 29 குறைந்தது. கொல்லப்படுவது எழுபதிலிருந்து 23 ஆக இறங்கியது. தெருவில் செத்துக்கிடந்து அள்ளப்படும் பூனைகளின் தொகையும் ஐந்திலொன்று குறைந்தது. ரெக்சாஸின் ஒஸ்ரின் நகரம் 2010 இல் நகரசபைத் தீர்மானம் போட்டு, 2011 இலிருந்து காப்பகத்துக்கு வரும் மிருகங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிரோடு வெளியே அனுப்பத் தொடங்கியது. இதைச் செய்தது தெய்வீகக் கருணை அல்ல. பொறிக்கூடும் கத்தியும் கணக்குப் புத்தகமும். பெட்டைப்பூனை நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடும், இரண்டு மாதத்தில் குட்டி போடும். இந்தக் கணக்கு விளங்கினால் உரப்பைக்கு வேலையே இல்லை. சேவலுக்கும் நாம்பனுக்கும் நலமடித்த சமூகத்துக்குப் பூனையின் கருத்தடை மட்டும் இயற்கைக்கு மாறாகப் போனது விந்தை.

மறுபக்கத்தில் நிற்பவர்களையும் விடமுடியாது. அண்மைக்காலத்தில் நம்மவரில் வசதி கூடியோர் பூனை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டொலருக்கு, வம்சாவளிப் பத்திரத்தோடு. சாதகக்குறிப்பும் குலமும் கோத்திரமும் பார்த்துக் கலியாணம் பேசிய கைக்கு அந்தப் பத்திரம் புதிதல்ல. பிறகு தோல் சோபா கிழியுமென்று நகத்தை எடுப்பிக்கிறார்கள். நகம் எடுப்பது நகம் வெட்டுவதல்ல, விரலின் கடைசி எலும்பையே தறிப்பது. நியூயோர்க் மாநிலம் 2019 இல் அதைத் தடைசெய்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் அதற்குப் பத்து வருடம் முன்னரே தடுத்துவிட்டது. சோபாவைக் காப்பாற்ற உயிரின் விரலை வெட்டுகிறவரும், கம்பளத்தைக் காப்பாற்றக் கடைத்தொகுதியின் பின்னால் அதைக் கொட்டுகிறவரும் ஒரே வீட்டின் இரண்டு அறையில் இருப்பவர்கள்.

பறவைகளின் பக்கம் பேசுவோரை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன். அவர்களிடம் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்குக் குறைந்தது 130 கோடி பறவைகளைக் கொல்கின்றன, 400 கோடிவரை போகலாம் என்று 2013 இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பகுதி உரியவரில்லாத பூனைகளின் வேலை. மவுண்ரின் வியூவில் கூகிள் ஊழியர் சிலர் தெருப்பூனைகளுக்குத் தீன் வைத்துப் பராமரித்தபோது, பக்கத்து ஷோர்லைன் பூங்காவில் நிலத்தில் வளை கொண்டு வாழ்கிற, ஏற்கெனவே அருகிப்போன ஆந்தைகளின் கதி என்ன என்று பறவை ஆர்வலர் கேட்டது 2018 இல் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. அந்த ஆந்தைக்கும் போக வேறு இடமில்லை. ஆகவே அப்படிப்பட்ட இடத்தில் தீன் வைத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். பழகக்கூடிய பூனையை வீட்டுக்குள் எடுங்கள், எடுத்தால் உள்ளேயே வையுங்கள். ஜன்னலோரம் ஒரு பலகை அடித்துக் கொடுத்தால் அது நாள் முழுவதும் உட்கார்ந்து அணிலைத் திட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக் கடுவன் முதல் மூன்று கிழமை கதவடியில் நின்று கத்தியது, பிறகு ஹீற்றரைக் கண்டுபிடித்துவிட்டது.

குட்டிக்காலம் இங்கே வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம்வரை இழுக்கும். உங்கள் கராஜுக்குள்ளும் ஒன்று வரும். வந்தால் உங்கள் நகரத்துக் காப்பகத்துக்குத் தொலைபேசியில் எடுத்துக் கருத்தடை செய்கிற நாள் எது, பொறிக்கூடு இரவல் தருவார்களா என்று கேளுங்கள். கூட்டுக்குள் ரின்மீன் வையுங்கள். சோறு வேண்டாம், வீணாகப் போகும். வீட்டில் அம்மா இருந்தால், பூனையைப் பிடிக்கிற வேலையை அவவிடம் விடுங்கள்.